மாடுகளுக்கு மூன்று நாள் காய்ச்சல்: உடலுக்குள் நடப்பது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன?

நேற்று மாலை நன்றாகப் பால் கறந்த மாடு, இன்று காலையில் எழ முடியாமல் கிடக்கும். உடல் கொதிக்கும், எச்சில் வடியும், அசை போடாது. எழுந்து நடந்தாலும் ஒரு காலை நொண்டும், சற்று நேரத்தில் வேறு காலை நொண்டும். மழைக்குப் பின் மதுரை மாவட்டத்தின் வயல்வெளிக் கிராமங்களில் பசுக்கள், எருதுகள், ஜல்லிக்கட்டுக் காளைகள் என எல்லாவற்றையும் தாக்கக்கூடிய மூன்று நாள் காய்ச்சல் இது. பெரும்பாலான மாடுகள் தாமாகவே தேறிவிடும். தவறான கைவைத்தியத்தால் சாகும் மாடுகளும் உண்டு. நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்.

நோய் எப்படி வருகிறது?

இது ஒரு வைரஸ் நோய். கொசுக்களும், ஈரச் சாணத்திலும் சேற்றிலும் பெருகும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகளும் இதைப் பரப்புகின்றன. ஒரு மாடு இன்னொரு மாட்டை உரசுவதால் பரவாது. மனிதர்களுக்கும் வராது.

வலியை உண்டாக்குவது எது?

வைரஸ் உள்ளே நுழைந்ததும் மாட்டின் ரத்த அணுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. ஊருக்குள் திருடன் புகுந்தால் தண்டோரா போடுவதுபோல, இவை உடல் முழுவதும் செய்தி சொல்லும் புரதங்கள். சைட்டோகைன் என்பது இவற்றின் பொதுப் பெயர்.

இவற்றில் ஒன்று இன்டர்ஃபெரான். பக்கத்து அணுக்களுக்குள் வைரஸ் பெருகாமல் தடுக்கும்படி எச்சரிப்பது இதன் வேலை. 1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கோழி முட்டையின் சவ்வில் இதைக் கண்டறிந்தார்கள். இன்டர்லூக்கின், டி.என்.எஃப். போன்ற வேறு சில புரதங்கள் மூளைக்குச் செய்தி அனுப்பிக் காய்ச்சலை ஏற்றுகின்றன. ரத்தக் குழாய்களைக் கசியவிட்டு வெள்ளை அணுக்களை மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் வரவழைக்கின்றன. இதுதான் அழற்சி. மூட்டில் நீர் கோப்பதும், நொண்டுவதும் இதனால்தான்.

ஆக, இந்த நோயில் மாட்டைப் படுக்க வைப்பது பெரும்பாலும் அதன் சொந்த எதிர்ப்புச் சக்தி எழுப்பும் அழற்சியே. ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில், அழற்சியைக் குறைக்கும் மருந்து கொடுத்த மாடுகளில் வைரஸ் இருந்தும் நோய் அறிகுறிகள் அடங்கின. இந்த நோயில் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தும் குறைகிறது. கன்று ஈன்ற பசுவுக்கு வரும் பால் காய்ச்சலைப் போல மாடு தளர்ந்து விழ இது ஒரு காரணம்.

சிகிச்சை

• காய்ச்சல் கண்ட அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். அழற்சி குறைக்கும் மருந்து ஆரம்பத்திலேயே கிடைத்தால் பலன் அதிகம். மாடு எழ முடியாவிட்டால் கால்சியம் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

• ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. வேறு கிருமித் தொற்று சேர்ந்திருந்தால் மட்டும் மருத்துவர் அதைக் கொடுப்பார்.

• ஸ்டீராய்டு ஊசியை நீங்களாகப் போடச் சொல்லாதீர்கள். அது செய்திப் புரதங்களை ஒட்டுமொத்தமாக அடக்கி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். நிறைமாதச் சினை மாட்டில் கன்று கலைந்துவிடலாம்.

• டைக்ளோஃபெனாக் மருந்துக்கு 2006 முதலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் மருந்துகளுக்கு 2023 முதலும் கால்நடைப் பயன்பாட்டில் தடை உள்ளது. இவை செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதைத் தின்னும் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு அவை மடிகின்றன. மெலோக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது. மருந்துக் கடையில் நீங்களே வாங்காமல் மருத்துவர் சீட்டுப்படி வாங்குங்கள். பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யவே கூடாதது

மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ கஷாயம், கஞ்சி, எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். இந்தக் காய்ச்சலில் மாட்டுக்கு விழுங்கும் திறன் குறைந்துவிடும். ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சல் வந்து மாடு இறக்கலாம். காய்ச்சலில் பிழைத்திருக்க வேண்டிய மாட்டை இப்படித்தான் இழக்கிறோம்.

வீட்டில் கவனிப்பு

• நிழலில் வைக்கோல் அல்லது மணல் பரப்பிப் படுக்க வையுங்கள். தண்ணீரும் பசுந்தீவனமும் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

• படுத்தே கிடக்கும் மாட்டை நாளுக்குப் பல முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். கனமான காளைகளுக்கும் அதிகம் கறக்கும் கலப்பினப் பசுக்களுக்கும் பாதிப்பு கூடுதலாக இருக்கும். இவற்றுக்கு இது மிக அவசியம்.

• காய்ச்சல் விட்டதும் ஏரில் பூட்டவோ, வண்டியில் கட்டவோ, காளைக்கு நடைப் பயிற்சி கொடுக்கவோ அவசரப்படாதீர்கள். சில நாள் ஓய்வு இல்லாவிட்டால் மறுபடி படுத்துவிடும். பொலிகாளைக்குத் தற்காலிகமாக மலட்டுத்தன்மையும் வரலாம்.

• கொட்டத்தில் சாணத்தை அன்றாடம் அள்ளுங்கள். மூத்திரக் குழியிலும் தொட்டியைச் சுற்றியும் நீர் தேங்க விடாதீர்கள். மாலையில் வேப்பிலை, நொச்சி இலைப் புகை போடுங்கள்.

வாயிலும் குளம்பு இடுக்கிலும் புண் இருந்தால் கோமாரியாக இருக்கலாம். தோலில் கட்டிகள் இருந்தால் தோல் கழலை நோயாக இருக்கலாம். அப்போது மாட்டைத் தனியே கட்டி, உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். வளர்ப்பு முறை ஆலோசனைக்கு மதுரை திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தை அணுகலாம்.