இளவயது டிமென்ஷியா (திருவனந்தபுரம்)

இளவயது டிமென்ஷியா: 65 வயதுக்கு முன் அறிகுறி தொடங்கும் நினைவிழப்பு நோய்களின் பொதுப்பெயர். அல்சைமர், மூளையின் நெற்றி-பொட்டு மடல்களின் சிதைவு, பக்கவாதம், நீண்டகாலக் குடி ஆகியவை முக்கியக் காரணங்கள். மறதிக்கு முன்பே குணமாற்றமோ பேச்சுத் தடுமாற்றமோ தலைகாட்டலாம். அதை மன அழுத்தம் என்று எண்ணிவிடுவதால் நோயறிதல் தாமதமாகிறது. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற சரிசெய்யத்தக்க காரணங்களை முதலில் சோதித்து விலக்க வேண்டும்.

இந்நோயைக் கேரளத்தில் பரவலாக அறியச் செய்தது பிளெஸ்ஸி இயக்கிய ‘தன்மாத்ரா’ (2005) மலையாளப் படம். திருவனந்தபுரம் தலைமைச் செயலக ஊழியராக மோகன்லால் நடித்தார். முக்கியமான அலுவலகக் கோப்பை வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தேடுவதில் அவரது நோய் வெளிப்படும்.

நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆடன்புரூக் அறிதிறன் சோதனையின் மலையாள வடிவம் அங்கு உருவானது. 1992-இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம் (ஏஆர்டிஎஸ்ஐ) குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்குகிறது.

பணியிலிருக்கும்போது மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தடை விதிக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தம் சார்பில் முடிவெடுப்பவரையும் நியமிக்கலாம். மனநல ஆலோசனைக்கு ‘டெலி-மானஸ்’ இலவச எண்: 14416.