எண் 8716899

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த சொகுசுக் கப்பலுக்கு அப்போது வயது 32. தமிழ்நாட்டுக்கு அது புதுவரவு, கடலுக்கு அல்ல. ‘எம்ப்ரஸ்’ என்று பெயர். கார்டீலியா க்ரூஸஸ் நிறுவனம் அதை இயக்கியது. அதற்கு முன்பு வேறு கம்பெனிகளின் நிறத்தில், வேறு பெயர்களில், வேறு கடல்களில் ஓடிய கப்பல் அது.

பெயரும் நிறமும் கொடியும் மாறினாலும் கப்பலின் ஐ.எம்.ஓ. எண் மாறாது. ஏழு இலக்கங்கள் கொண்ட அந்த எண் கப்பல் பிறக்கும்போது வருகிறது, உடைக்கப்படும் நாள்வரை கூடவே இருக்கிறது. கப்பலின் உடலிலேயே அதை நிரந்தரமாகப் பொறிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எம்ப்ரஸின் எண் 8716899. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 169 வரும். அதன் கடைசி இலக்கமான 9 தான் எண்ணின் ஏழாவது இலக்கம். போலி எண்ணைக் கண்டுபிடிக்க வைத்த ஏற்பாடு இது. கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட நினைக்கும் யாரும் என்னிடம் யோசனை கேட்டால், விளம்பரத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன். எங்கே கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற முழு ஜாதகமும் அதில் கிடைத்துவிடும். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். எந்தக் கப்பல் என்று கேட்பதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

எம்ப்ரஸ் பிறந்தது பிரான்ஸில், லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் சேன் நசேர் நகரில். ‘நார்மண்டி’, ‘பிரான்ஸ்’, பின்னாளில் ‘குயின் மேரி 2’ எல்லாம் கட்டப்பட்ட ஊர் அது. அட்மிரல் க்ரூஸஸ் என்ற கம்பெனிக்காக ‘ஃப்யூச்சர் சீஸ்’ என்ற பெயரில்தான் முதலில் இதற்கு ஆர்டர் கொடுத்தார்கள். கப்பல் முடிவதற்குள் அட்மிரல், ராயல் கரீபியனுடன் இணைந்துவிட்டது. 1990-ல் வெளியே வந்தபோது பெயர் ‘நார்டிக் எம்ப்ரஸ்’. ராயல் கரீபியனை 1968-ல் தொடங்கியவை மூன்று நார்வே கப்பல் கம்பெனிகள் என்பதால், அந்தக் காலத்துக் கப்பல்களின் பெயர்களில் வடதேசத்து வாடை அடிக்கும். கப்பலுக்கு ஞானத்தாயாக வந்து பெயர் சூட்டியவர் பாடகி குளோரியா எஸ்டஃபான். ஹவானாவில் பிறந்து மயாமியில் வளர்ந்தவர். இந்தக் கப்பல் ஒருநாள் ஹவானாவுக்கே போகும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்தக் கப்பலைப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டிய முக்கியமான விஷயம், எதற்காகக் கட்டினார்கள் என்பது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று இரவு, நான்கு இரவுப் பயணம். வெள்ளிக்கிழமை கிளம்பினால் திங்கள்கிழமை திரும்பும், திங்கள்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமை திரும்பும். அதுவரை இந்தச் சின்னப் பயணங்களுக்குப் பெரும்பாலும் பழைய கப்பல்களைத்தான் விடுவார்கள். 1990-ல் கார்னிவல் கம்பெனி 70,000 டன்னுக்கு ‘ஃபேன்டஸி’யை இறக்கியது, ராயல் கரீபியன் 48,500 டன்னுக்கு நார்டிக் எம்ப்ரஸை இறக்கியது. இரண்டும் புத்தம் புதிய கப்பல்கள், இரண்டும் அதே பஹாமாஸ் கூட்டத்தை நம்பி வந்தவை.

மூன்று நாளைக்கு வருகிறவர் கேபினில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. ஆகவே கேபின்களைச் சின்னதாக வைத்தார்கள். பல கேபின்களுக்கு ஜன்னலே இல்லை, பால்கனி உள்ளவை மிகச் சில. மிச்சப்பட்ட இடத்தையெல்லாம் பொது இடங்களுக்குக் கொடுத்தார்கள். நடுவே பல மாடி உயரத்துக்குத் திறந்து நிற்கும் கூடம், அதில் மேலும் கீழும் ஓடும் கண்ணாடி லிஃப்ட்கள், பெரிய காசினோ, நாடக அரங்கு. முதல்முறை கப்பல் ஏறுகிறவர் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்பதே திட்டம். கப்பலுக்கு எத்தனை சாயம் பூசினாலும் எத்தனை தரம் கம்பளம் மாற்றினாலும் சுவர்களை நகர்த்த முடியாது. அன்று போட்ட அந்தக் கணக்குதான் இன்றைக்கும் அதில் பயணம் செய்பவரின் சௌகரியத்தையும் அசௌகரியத்தையும் தீர்மானிக்கிறது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2004-ல், கம்பெனியின் மற்ற கப்பல்களைப் போல இதற்கும் பெயர் மாற்றி ‘எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்’ ஆக்கினார்கள். 2008-ல் ஸ்பெயினுக்குப் போனது. மாட்ரிட்டின் புல்மன்டூர் கம்பெனியை ராயல் கரீபியன் ஏற்கெனவே வாங்கியிருந்தது. வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றுவதுபோல அங்கே மாற்றினார்கள், பெயர் வெறும் ‘எம்ப்ரஸ்’. அதே எஃகு, அதே கூடம், அதே கேபின். ஆனால் அறிவிப்புகள் ஸ்பானிய மொழியில், குடிவகைகள் டிக்கெட்டிலேயே அடக்கம், சமையலும் ஸ்பானியர் நாக்குக்கு. அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதே ஒன்பது மணிக்கு மேல்தான். கம்பெனி என்பது இதைத்தான் தீர்மானிக்கிறது: சாப்பாடு, மொழி, எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், எதற்கெல்லாம் தனியாகக் காசு வாங்குவார்கள். இடவசதி, ஆட்டம், இரைச்சல், ஜன்னல் ஆகியவை கப்பலோடு பிறந்தவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒப்பிடுவதில் பாதி வேலை முடிந்தது.

2016-ல் எம்ப்ரஸ் திரும்ப ராயல் கரீபியனுக்கே, மயாமிக்கு வந்தது, ‘எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்’ என்ற பழைய பெயரோடு. ஆனால் அமெரிக்காவில் ஓட வேண்டும் என்றால் அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை சோதிக்கும். சமையற்கூடம், குடிநீர், நீச்சல்குளம் எல்லாம் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தோல்வி. அந்த மதிப்பெண்களைப் பொதுமக்கள் யாரும் பார்க்கலாம். எம்ப்ரஸின் சமையற்கூடங்களில் நினைத்ததைவிட அதிக வேலை இருந்தது. ஏற்கெனவே டிக்கெட் விற்ற பல பயணங்களை ரத்துசெய்துவிட்டு அவற்றைச் சரிசெய்தார்கள். சாப்பாட்டு மேஜையின் படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள், அந்தச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கான இந்த மதிப்பெண்ணையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

அடுத்து வந்தவைதான் அதன் வாழ்க்கையின் மிக நல்ல ஆண்டுகள் என்று நினைக்கிறேன். 2017 ஏப்ரலில் எம்ப்ரஸ் ஹவானாவுக்குப் போனது. அமெரிக்காவுக்கும் கூபாவுக்கும் இடையே கதவு சற்றே திறந்திருந்த காலம் அது. ஹவானாவின் பழைய துறைமுகத்துக்குள் ராட்சதக் கப்பல்கள் நுழைய முடியாது. ராயல் கரீபியன் கப்பல்களிலேயே மிகச் சிறியதான எம்ப்ரஸ் நுழைந்தது. அதுவரை குறையாகச் சொல்லப்பட்ட உருவமே அதன் தகுதியானது. ஊருக்கு நடுவில் இறங்கி நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கப்பல் பெரிதாகப் பெரிதாக அது ஊரைவிட்டு விலகித்தான் நிற்கும். 2019 ஜூன் 4 அன்று அமெரிக்க அரசு கூபாவுக்கான கப்பல் பயணங்களைத் தடைசெய்தது. மறுநாளே தடை அமலுக்கு வந்தது.

பிறகு கொரோனா. உலகத்தின் சொகுசுக் கப்பல்கள் எல்லாம் ஓட்டமின்றி நின்றன. 2020 ஜூனில் புல்மன்டூர் திவால் மனு கொடுத்தது. அதன் கப்பல்களில் ஒன்றான, எம்ப்ரஸைப் போலவே சேன் நசேரில் கட்டப்பட்ட மூத்த சகோதரி ‘ஸாவரின்’ துருக்கியின் அலியாகா கரையில் உடைப்புக்கு ஏற்றப்பட்டது. நமக்கு நெருக்கமான கதை ‘கர்ணிகா’வுடையது. அதுவும் 1990-ல் பிறந்த கப்பல்தான், இத்தாலியில், ‘கிரவுன் பிரின்சஸ்’ என்ற பெயரில். பல கை மாறி 2019-ல் ஜலேஷ் க்ரூஸஸ் கம்பெனிக்காக மும்பை வந்து, ஒரே ஆண்டு ஓடி, 2020 இறுதியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் போய் ஏறியது. ஒரே வயதுடைய இரண்டு கப்பல்களில் ஒன்று அங்கே தகடு தகடாகக் கழன்றபோது, இன்னொன்று அதே நாட்டில் ஓடுவதற்கு விற்கப்பட்டது. அந்த டிசம்பரில்தான் ராயல் கரீபியன் எம்ப்ரஸை விற்றதாக அறிவித்தது.

2021 செப்டம்பர் 18-ல் மும்பையிலிருந்து எம்ப்ரஸின் இந்திய ஓட்டம் தொடங்கியது. கோவா, லட்சத்தீவு, கொச்சி. சமையலில் சைவத்துக்கும் சமண உணவுக்கும் தனி இடம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கும் மாதங்களில் சென்னைக்கு வந்தது. உலகம் முழுக்கக் கப்பல் கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன. கோடையில் அலாஸ்காவில் ஓடும் கப்பல் குளிர்காலத்தில் கரீபியனில் ஓடும். ஆகவே ‘எந்த மாதம் போகலாம்’ என்பதை நாம் லீவை வைத்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும்போது துறைமுகம் மாறலாம், விட்டுப்போகலாம். அப்படி மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்று டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள். படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகும் லட்சத்தீவு போன்ற இடங்களில் இது இன்னும் அதிகம். அலை தூக்கினால் படகு இறங்காது.

சென்னையின் முதல் பருவத்திலேயே விசாகப்பட்டினத்தோடு புதுச்சேரியும் பயணத் திட்டத்தில் இருந்தது. காசினோவைப் பற்றிய எதிர்ப்பால் புதுச்சேரி அனுமதி தரவில்லை. கரைக்குத் தொலைவில் வந்து நின்ற கப்பல் திரும்பிப்போனது. மயாமியின் வார இறுதிக் கூட்டத்துக்காக வரைந்த காசினோவுக்கு, முப்பது ஆண்டு கழித்துப் பாண்டிச்சேரி கடற்கரையில் விவாதம்!

அடுத்த ஆண்டு, 2023 ஜூன் 5-ல், 17.21 கோடி ரூபாயில் அமைத்த பயணிகள் முனையத்தைத் திறந்துவைத்து, இலங்கைப் பயணத்தை மத்திய அமைச்சர் சர்பானந்த சோனோவால் தொடங்கிவைத்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்த மூன்றாவது பெயரைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போர்க்காலம் முழுக்க சாதாரணச் சனம் நெருங்க முடியாமல் கிடந்த துறைமுகம் அது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது அதற்கும் நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 14-ல்தான்.

சரி, இந்தக் கப்பல் எப்படி? என் கணக்கை அப்படியே வைக்கிறேன். கப்பல் விவரத்தில் ‘கிராஸ் டன்’ என்று போடுவது எடை அல்ல, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு இடம் என்று வரும். கேபினுக்கு இருவர் என்று வைத்தால் எம்ப்ரஸ் கட்டும்போது சுமார் 1,600 பேருக்கானது, வகுத்தால் 30. ராயல் கரீபியனின் 2024-ஆம் ஆண்டுக் கப்பலான ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 2,48,663 டன், 5,610 பேர், வகுத்தால் 44. கூட்டம் மும்மடங்குக்கு மேல், ஆனாலும் நெரிசல் குறைவு. ரீஜன்ட் கம்பெனியின் ‘செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர்’ கிட்டத்தட்ட எம்ப்ரஸ் அளவுதான், சுமார் 55,000 டன், ஏறுவதோ 750 பேர், வகுத்தால் 73. டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வகுத்தலே போதும்.

மூன்றாவது, நான்காவது ஆளையும் ஒரே கேபினில் போட்டுப் பிள்ளைகளோடு போகிற நம் பழக்கத்தில் இந்த 30 இன்னும் சுருங்கும். காலைச் சிற்றுண்டிக்கு ஒன்பது மணிக்குப் போனால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுவீர்கள். ஏழரைக்குப் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். கேபின் எடுக்கும்போது கீழ் டெக்கில், கப்பலின் நீளத்துக்கு நடுவில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முனையில் உள்ள மேல் டெக் கேபினுக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு வாந்தியோடு படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடனக் கூடத்துக்கு நேர் மேலேயும் கீழேயும் வேண்டாம். டெக் வரைபடத்தைத் திறந்து, உங்கள் கேபினின் தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எம்ப்ரஸில் இரண்டு இரவு, மூன்று இரவு போகிறவர்களை நான் தாராளமாகப் போகச் சொல்வேன். அதற்கென்றே பிறந்த கப்பல், அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. முதல்முறை கடலில் இரவைப் பார்க்கிற அப்பா அம்மாவை அழைத்துப்போக, சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்க, இதைவிட எளிய வழி கிடையாது. ஐந்து இரவு என்றால் ஜன்னலுள்ள கேபின் கிடைத்தால் மட்டும். ஏழு இரவு கடலில் கிடக்க ஆசைப்படுகிறவர் சிங்கப்பூருக்கு விமானம் ஏறி, அங்கே பால்கனியுள்ள பெரிய கப்பலைப் பிடிப்பது நல்லது. விமானச் செலவையும் ஓட்டல் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இரவுக்கு எவ்வளவு என்று வகுத்து வைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

2025-ல் கார்டீலியா அடுத்த இரண்டு கப்பல்களை அறிவித்தது: நார்வீஜியன் கம்பெனியின் ‘ஸ்கை’, ‘சன்’. இரண்டும் வாடகைக்கு. ‘ஸ்கை’யின் ஜாதகத்தையும் பார்த்துவிட்டேன். ஜெர்மனியில் ‘கோஸ்டா ஒலிம்பியா’வாகத் தொடங்கி, கட்டிய ப்ரெமர் வல்கன் கம்பெனி திவாலானதால் பாதியில் நின்று, வேறு தளத்தில் முடிந்து, 1999-ல் வெளியே வந்தது. நடுவில் சில ஆண்டுகள் ‘பிரைட் ஆஃப் அலோஹா’ என்ற பெயரில் ஹவாயில் ஓடியது. 77,104 டன், 2,004 பேர், வகுத்தால் 38. பால்கனி கேபின்களும் கணிசமாக உண்டு. ஐந்து இரவுப் பயணத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் இதற்குக் காத்திருக்கலாம்.