ஐந்து கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்ட கதை

வடக்கே வேலைக்குப் போன நம் பழைய மாணவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊருக்கு வர டிக்கெட் எடுப்பதுகூடப் பெரிசில்லை. திரும்பிப் போகும் டிக்கெட்தான் பெரும்பாடு!

ரயில்வே முன்பதிவு 1985-இல் டெல்லியில் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத். ஆனால் ஐந்தும் ஐந்து தீவுகள்.

இணைக்க இரண்டு வழி. எல்லா வண்டிகளின் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாம். கேட்க எளிதுதான், ஆனால் அந்நாளைய லைன்களை நினைச்சுப் பாருங்க! அது அறுந்தால் கவுன்ட்டரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அல்லது, கணக்கு அவரவரிடமே இருக்க, கம்ப்யூட்டர்கள் செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளலாம். ரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் இரண்டாவதை எடுத்தது. 'கான்சர்ட்' என்று பெயர்.

சூட்சுமம் இங்கேதான். சென்னைக் கணக்கின் நகலை டெல்லியும் வைத்துக்கொண்டு விற்றால், ஒரே பெர்த் இரண்டு பேருக்குப் போய்விடலாம். ஆகவே ஒரு வண்டிக்கு ஒரே வீடு. டெல்லியில் கேட்டால் கேள்வி சென்னைக்கு ஓடிப் பதிலோடு திரும்பும். பாதியில் லைன் போச்சுன்னா? விற்பனை முழுசா நடக்கணும், இல்லேன்னா நடக்கவே கூடாது. இதற்கு டிஜிட்டல் நிறுவனத்தின் 'ரிலையபிள் டிரான்சாக்‌ஷன் ரூட்டர்' கைகொடுத்தது. லைன் போனால் வெளியூர் வண்டி கிடைக்காது. உள்ளூர் வண்டி விற்பனை நிற்காது. நல்ல பேரம் என்றே எனக்குப் படுகிறது.

1994-இல் செகந்திராபாத்தில் ஆரம்பித்து, 1999 ஏப்ரலில் ஐந்தும் இணைந்தன. 2002-இல் இணையத்தில் டிக்கெட் விற்பனை வந்தபோது, அதுவும் இன்னொரு கவுன்ட்டராக வந்து வரிசையில் நின்றுகொண்டது.