துக்கமும் விசாரணையும்: மாணவர் மரணத்தின் முன் பல்கலைக்கழகம்

கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைத் தாண்டினால் எய்ம்ஸ். அதற்கு எதிரே சப்தர்ஜங் மருத்துவமனையும் அதைச் சேர்ந்த வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியும். அரவிந்தர் மார்க்கில் தெற்கே போனால் ஐஐடி. அதற்கு மேற்கே முனீர்க்கா, ஜே.என்.யூ. நாட்டின் மிகக் கடினமான நுழைவுத் தேர்வுகளைத் தாண்டியவர்கள் வந்து சேரும் பரப்பு இது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இந்தப் பகுதியின் பெயர்கள் அடிபட்டது பெரும்பாலும் மரணச் செய்திகளில்தான். 2016 ஜூலையில், எய்ம்ஸில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த சில நாட்களிலேயே திருப்பூர் மருத்துவர் ஒருவர் தம் வாடகை அறையில் இறந்துகிடந்தார். 2017 மார்ச் 13 அன்று ஜே.என்.யூ. ஆய்வு மாணவரான சேலத்து முத்துக்கிருஷ்ணன் முனீர்க்காவில் நண்பர் வீட்டில் இறந்தார். 2018 ஜனவரியில், நகரின் கிழக்கே தில்ஷாத் கார்டனில், மீண்டும் திருப்பூரைச் சேர்ந்த முதுநிலை மருத்துவ மாணவர் ஒருவர். 2023 ஜூலையிலும் செப்டம்பரிலும் தில்லி ஐஐடியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த இரு மாணவர்கள். இத்தகைய மரணம் நிகழும்போது நிறுவனத்தின் முன் இரண்டு வேலைகள் எழுகின்றன: இறந்தவரின் குடும்பத்தையும் தோழர்களையும் தாங்குவது ஒன்று; நடந்தது என்ன என்று அறிவது மற்றொன்று. முதல் வேலையைப் பல்கலைக்கழகம் தானே செய்ய வேண்டும், இரண்டாவதைத் தன் கையிலிருந்து விட்டுவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் நிறுவனங்கள் இதைத் தலைகீழாகவே செய்துவருகின்றன. விசாரணையைத் தம் பேராசிரியர் குழுக்களுக்குள் வைத்துக்கொள்கின்றன. துக்கத்தின் சுமையைச் சக மாணவர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் தள்ளிவிடுகின்றன.

விசாரணை ஏன் வெளியே போக வேண்டும் என்பதற்கு முதல் சான்று, மரணம் நிகழ்ந்த சில மணி நேரத்திலேயே பேசப்படும் பேச்சு. படிப்பில் பின்தங்கியிருந்தார், மன அழுத்தத்தில் இருந்தார், சொந்தக் காரணங்கள் என்று ஏதோ ஒன்று சொல்லப்படுகிறது. அது அனுதாபத்தோடு சொல்லப்படலாம். ஆனாலும் அது ஒரு முடிவு. விசாரணை தொடங்குமுன் எழுதப்பட்ட முடிவு. 2016இல் இறந்த திருப்பூர் மருத்துவரின் மரணம் முதலில் தற்கொலை என்றே சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை அந்த முடிவைக் கேள்விக்குள்ளாக்கிய பிறகு விவகாரம் கொலை வழக்காக மாறியது. உண்மை எதுவாயினும், முதல் நாளின் உறுதிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது. தில்லி ஐஐடி மரணங்களிலும் காவல்துறை, திடீர் மரணங்களுக்கான பூர்வாங்க விசாரணையோடு நின்று, படிப்புச் சுமையே காரணம் என்று கோப்பை மூடியது. முதல் தகவல் அறிக்கை பதியவில்லை. பெற்றோர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றார்கள். 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, வழக்குப் பதியச் சொன்னது. வளாகத்தில் தற்கொலை போன்ற சம்பவம் நேர்ந்தால் உடனடியாகக் காவல்துறையிடம் புகார் பதிவது நிறுவனத்தின் ஐயத்துக்கிடமற்ற கடமை என்றும் கூறியது. மாணவர் தற்கொலைகளைத் தடுக்க நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைந்ததும் அதே தீர்ப்பால்தான். மகன் இறந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, ஒரு வழக்கு எண்ணுக்காக உச்ச நீதிமன்றம் வரை பெற்றோர் போக வேண்டியிருந்தது. நிறுவனம் அன்றே எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய ஒரு பக்கப் புகார் அது.

உள் விசாரணை எப்போதும் நேர்மையற்றது என்று சொல்வது நியாயமாகாது. நேர்மையாக நடந்தாலும் அது பயனற்றுப் போகிறது என்பதுதான் வலுவான குற்றச்சாட்டு. 2008 பிப்ரவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த தலித் இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் இறந்தார். பேராசிரியர் வினோத் பவராலா தலைமையிலான உள் குழு, அந்தத் துறையில் ஆய்வு நெறியாளரை ஒதுக்கும் முறையில் தெளிவில்லை என்பதையும், அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களே என்பதையும் கண்டது. நல்ல அறிக்கை. ஆனால் அதன் பரிந்துரைகளை நிறைவேற்றாவிட்டால் கேட்பதற்கு வெளியே யாருமில்லை. 2016 ஜனவரி 17 அன்று அதே வளாகத்தில் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா இறந்தார். அவர் மரணத்துக்கு நீதி கேட்ட போராட்டத்தில் பங்கெடுத்த முத்துக்கிருஷ்ணன் அங்கிருந்து ஜே.என்.யூ. வந்து, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை என்று தம் முகநூலில் எழுதியவர். எய்ம்ஸின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எதிர்கொண்ட பாகுபாட்டை சுகதேவ் தோரட் குழு 2007இலேயே விரிவாகப் பதிவுசெய்தது. விடுதி வாழ்க்கை, ஆசிரியர் ஆதரவு, மதிப்பீடு எல்லாவற்றிலும். 2010இல் ஒரு தலித் மாணவரும் 2012இல் ஒரு பழங்குடி மாணவரும் அங்கே இறந்தார்கள். குறிப்பிட்ட மரணத்துக்குக் குறிப்பிட்ட பாகுபாடுதான் காரணம் என்று இதிலிருந்து யாரும் நிறுவிவிட முடியாது. ஆனால் எச்சரிக்கையைக் கையில் வைத்திருந்த நிறுவனம், அதற்குப் பின் வந்த மரணத்தைத் தானே விசாரிக்கும் தகுதியை இழந்துவிடுகிறது என்று சொல்ல இது போதும்.

வெளியார் விசாரித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? ரோஹித் வெமுலா மரணத்தை ஆராய மத்திய மனிதவள அமைச்சகம் அமைத்த ஏ.கே. ரூபன்வால் ஆணையம் இதற்கு நேர் எதிரான சான்று. ஓய்வுபெற்ற நீதிபதி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து வந்தவர்; ஆனாலும் சொந்த விரக்தியே காரணம், வேறு யாரும் பொறுப்பில்லை என்று முடித்ததோடு, இறந்தவரின் தாயின் சாதியை ஆராய்வதிலும் தம் அறிக்கையைச் செலவிட்டார். இந்த மறுப்பை எளிதில் ஒதுக்க முடியாது. சர்ச்சையில் அமைச்சகமும் ஒரு தரப்பாக இருந்தது; அது நியமித்த ஆணையத்தைச் சுதந்திரமானது என்று எண்ணியதில்தான் பிழை. இதற்கு மாற்றாகச் சென்னை ஐஐடி 2023இல் செய்ததை வைத்துப் பார்க்கலாம். ஆய்வு மாணவர் ஒருவர் இறந்த பிறகு, ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைமை இயக்குநரும் எழுத்தாளருமான ஜி. திலகவதி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கையைத் தொடர்ந்து அந்த ஆண்டே ஆய்வு நெறியாளரைப் பணியிடை நீக்கம் செய்தது. ஐஐடி போன்ற இடத்தில் ஒரு நெறியாளரின் நடத்தை மாணவர் மரணத்தோடு இணைத்துப் பேசப்பட்டதே அரிது. அந்தக் குழுவையும் நிறுவனமே நியமித்தது என்பது குறைதான். ஆயினும் இந்த இரு உதாரணங்களும் சேர்ந்து சொல்வது இதுதான்: தலைவர் வெளியாளாக இருந்தால் மட்டும் போதாது. அவரை நியமிப்பவருக்கு முடிவில் ஆதாயம் இருக்கக் கூடாது. மாணவர் யார், எந்தச் சாதி, எத்தனை மதிப்பெண் என்பதைவிட, நிறுவனம் என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது என்பதே ஆராயும் பொருளாக இருக்க வேண்டும். குடும்பம் கேள்வி கேட்கும் தரப்பாக உள்ளே உட்கார வேண்டும். அறிக்கை வெளியாக வேண்டும்.

பேராசிரியர்கள் பலர் சொல்லும் மறுப்பு வேறு. ஒவ்வொரு மரணத்துக்கும் வழக்கு என்றால், எந்த ஆசிரியர் மாணவரின் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பத் துணிவார்? இந்த அச்சம் போலியானதல்ல. ஆனால் முதல் தகவல் அறிக்கை என்பது குற்றப்பத்திரிகை அல்ல. காவல்துறைக்கு ஆதாரம் திரட்டும் அதிகாரத்தைத் தருவது, அவ்வளவே. தற்கொலைக்குத் தூண்டியதாகத் தண்டிக்க, பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றங்கள் எதிர்பார்க்கும் ஆதாரத்தின் அளவும் மிக உயர்ந்தது. கண்டிப்பான ஆசிரியர் எவரும் அதற்குள் சிக்கிவிட மாட்டார். என் ஐயம் எதிர்த் திசையில்தான் இருக்கிறது. காவல்துறை ஒரு ஆளைத் தேடும். நெறியாளர் ஒதுக்காத துறை, மாதக் கணக்கில் வராத உதவித்தொகை, நிரப்பப்படாத ஆலோசகர் பணியிடம் இவற்றில் எதுவும் ஆள் அல்ல. எனவே வழக்கு மட்டும் போதாது, நிறுவனத்தை ஆராயும் விசாரணை தனியே வேண்டும். எண்ணிக்கையிலும் இதே குறைதான். 2023இல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,892 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் பள்ளி மாணவர் எத்தனை, பல்கலைக்கழக மாணவர் எத்தனை என்று தெரியாது. எந்த நிறுவனம் என்பது அறவே தெரியாது.

இனி, பல்கலைக்கழகம் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை. தில்லியில் இறந்த தமிழ் மாணவரின் பெற்றோர் பெரும்பாலும் முதன்முறையாக அந்த நகரத்துக்கு வருவது பிணவறைக்குத்தான். இந்தி தெரியாது. காவல் நிலையத்தில் எழுதப்படுவது என்ன என்று தெரியாமலே கையெழுத்துப் போட நேரும். பிரேதப் பரிசோதனை, உடலைப் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, விமானச் சரக்குப் பிரிவு என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் அலைய வேண்டும். தமிழ்நாடு இல்லமும் தில்லித் தமிழர்களும் உடன் படிப்பவர்களும் கைகொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இது அவர்களின் நல்ல மனத்தை நம்பி விடக்கூடிய காரியமல்ல. ஒரு பொறுப்பு அதிகாரி, குடும்பத்தின் மொழி பேசும் ஒருவர், செலவுக்கு உடனடியாக எடுக்கக்கூடிய நிதி ஆகிய மூன்றும் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் இயலக்கூடியவை. அடுத்து வருபவை சிறியவை போலத் தோன்றும், ஆனால் குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அறுப்பவை: வராமல் நின்ற உதவித்தொகை பாக்கி, விடுதிக் கட்டண நினைவூட்டல்கள், அறையில் இருக்கும் புத்தகங்களும் மடிக்கணினியும், பாதி எழுதிய ஆய்வேடு. அறைத் தோழருக்கு மறுநாள் தேர்வு இருந்தால் அவர் விண்ணப்பம் எழுதிக் கெஞ்சாமலே அது தள்ளிவைக்கப்பட வேண்டும். மரணம் வளாகத்துக்கு வெளியே நேர்ந்தால் இவற்றில் எதுவும் தன் வேலையல்ல என்று நிறுவனங்கள் கருதுவதுண்டு. விடுதிகளில் இடம் போதாததால்தான் மாணவர்கள் முனீர்க்காவிலும் கௌதம் நகரிலும் அறை எடுக்கிறார்கள். அந்த அறையைக் காட்டியே நிறுவனம் பொறுப்பைக் கழற்றிவிடுவது அநியாயம். 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த கூடுதல் உத்தரவுகள், மரணம் எங்கே நிகழ்ந்தாலும் நிறுவனம் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கூறி இந்தச் சாக்கை அடைத்துவிட்டன.

வெளிப்படையாகப் பேசினால் மற்ற மாணவர்களும் அந்த வழிக்குத் தூண்டப்படுவார்கள் என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. தற்கொலை பற்றிய செய்திகள் பரவும் விதத்தால் அடுத்த மரணங்கள் நேரலாம் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019இல் அதற்கான நெறிகளை ஏற்றது. ஆனால் அந்த நெறிகள் தடுப்பது எதை? இறந்த முறையை விவரிப்பதையும், மரணத்தைத் தீர்வாகக் காட்டுவதையும், ஒற்றைக் காரணம் கற்பிப்பதையும்தான். மரணம் நிகழ்ந்தது என்பதையே மறைக்கச் சொல்லவில்லை. நிர்வாகம் மௌனமாக இருக்கும் வளாகத்தில் பேச்சு நிற்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய், அந்த நெறிகள் விலக்கச் சொன்ன வடிவத்திலேயே பரவுகிறது. குடும்பத்தின் அந்தரங்கம் இதைவிடக் கனமான மறுப்பு. சில குடும்பங்கள் பேசப்படவே விரும்புவதில்லை. அந்த விருப்பம் இறந்தவரின் பெயர், உடல்நலம், சொந்த வாழ்வு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும். நெறியாளரை எப்படி ஒதுக்கினார்கள், உதவித்தொகை ஏன் நின்றது என்பன குடும்பத்தின் ரகசியங்கள் அல்ல. நாளையும் அதே துறையில் படிக்கப்போகும் மாணவர்களுக்குச் சேர வேண்டிய தகவல்கள். பெயரில்லாமல் அவற்றை வெளியிட முடியும்.

முடியும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் உயர்கல்வி நிறுவனங்கள் 2023–24 கல்வியாண்டில் நடந்தவை பற்றித் தாமே எழுதிய 169 அறிக்கைகளை மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று வாங்கிப் படித்து, 2025 மேயில் ஒரே மீளாய்வாக வெளியிட்டது. அவற்றில் 107 தற்கொலை எனக் கருதப்பட்ட மரணங்கள், 62 தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு உயிர் தப்பிய சம்பவங்கள். ஒரு மாணவரின் பெயரும் அதில் இல்லை. விசாரணையில் குடும்பத்தாரைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. அங்கும் முதல் அறிக்கையை நிறுவனமே எழுதுகிறது என்பது என் வாதத்தின்படி குறைதான். ஆயினும் அதை வேறொருவர் படிக்கிறார், ஒப்பிடுகிறார், வெளியிடுகிறார். நம் பல்கலைக்கழகங்கள் நீதிமன்றத்தின் அடுத்த உத்தரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அன்றைய தினமே காவல்துறைக்குப் புகார், காரணம் பற்றி நிர்வாகம் வாய் திறக்காதிருத்தல், நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர் நியமிக்கும் விசாரணை, பெயர் நீக்கிய அறிக்கை, குடும்பத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரியும் நிதியும்: இவற்றை விதியாக எழுத ஒரு ஆட்சிமன்றக் கூட்டம் போதும். தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களும், தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் குரலாக நிற்கக்கூடிய தமிழ்நாடு அரசும், வரும் கல்வியாண்டு தொடங்குமுன் இந்த விதியைக் கேட்டு வாங்க வேண்டும்.