புதுக்கோட்டை நிலமும் நுண்துளைமையும்

நுண்துளைமை என்பது ஒரு பாறை, மண் அல்லது வேறு பொருளின் மொத்தக் கன அளவில் வெற்றிடம் எவ்வளவு பங்கு என்பதைக் காட்டும் அளவு ஆகும். இது வழக்கமாகச் சதவீதத்தில் கூறப்படும். 100 கன சென்டிமீட்டர் கல்லில் 20 கன சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் அதன் நுண்துளைமை 20 சதவீதம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த அளவு மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல வெகுவாக மாறுகிறது. அங்குள்ள மக்கள் நீரைத் தேடிய விதமும் தேக்கிய விதமும் அதற்கேற்ப மாறின.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியான விராலிமலை, அன்னவாசல், குன்றாண்டார்கோயில் வட்டாரங்களில் கிரானைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் உள்ளன. ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் படிவுப் பாறைகளும், அவற்றின் மேல் பல இடங்களில் செம்புறாங்கல்லும் காணப்படுகின்றன. இன்னும் கிழக்கே மணமேல்குடிக் கடற்கரையில் வண்டலும் மணலும் பரவியுள்ளன. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. அதன் பகுதிகளுடன் தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியும் சேர்ந்து 1974 ஜனவரி 14 அன்று இன்றைய மாவட்டம் உருவானது.

கருங்கல்லும் சுனையும்

சிதைவுறாத கிரானைட்டின் நுண்துளைமை பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. சித்தன்னவாசல், நார்த்தாமலை குன்றுகளில் உள்ள சுனைகளுக்கு இதுவே அடிப்படை. பாறையின் பள்ளத்தில் விழும் மழைநீர் கீழே இறங்க வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. நார்த்தாமலையின் மேலமலையில் உள்ள சுனைக்குள் ஒரு லிங்கம் நீரில் மூழ்கியுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் தொண்டைமான் அரச குடும்பத்துப் பெண் ஒருவர் நீரை இறைக்கச் செய்து அதை வழிபட்டதை அருகிலுள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. நீர் தானாக வடியும் பாறையாக இருந்திருந்தால் அந்தக் கல்வெட்டுக்கே தேவை இருந்திராது.

நீரை வெளியே விடாத அதே பாறை உள்ளேயும் நீரைச் சேர்ப்பதில்லை. எனவே மேற்குப் பகுதியில் கிணற்று நீர் இரண்டு இடங்களில்தான் கிடைக்கிறது: மேலே சிதைந்து மண்ணாகிவரும் அடுக்கிலும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும். ஒரே தோட்டத்தில் ஓர் ஆழ்துளைக் கிணற்றில் நீர் வருவதும், சற்றுத் தள்ளிப் போட்டது புழுதி கக்குவதும் இதனால்தான். இங்கு வெடிப்பைக் கண்டுபிடிப்பதே முழு வேலை.

செம்புறாங்கல்

லேட்டரைட் என்னும் பெயரை 1807இல் பிரான்சிஸ் புக்கானன் அறிமுகப்படுத்தினார். கேரளத்தின் அங்காடிப்புரத்தில், தரைக்குள் இருக்கும்போது மென்மையாக வெட்ட வந்து, வெளியே எடுத்தபின் இறுகிவிடும் கல்லை அவர் கண்டார். செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பகுதிகளில் செம்புறாங்கல் எனப்படுவது இதுவே. மழைநீர் நீண்ட காலம் கரையும் பொருட்களைக் கழுவிச் சென்றதால், இரும்பும் அலுமினியமும் மிகுந்த, புழைகள் நிறைந்த கல் மிஞ்சியது. அதன் துளைகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

புதுக்கோட்டை நகருக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டை செம்புறாங்கல் நிலத்தில் அமைந்த சங்ககாலக் கோட்டையாகும். அங்கு 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. அப்பகுதியில் இரும்பு உருக்கப் பயன்பட்டவையாகக் கருதப்படும் குழிகளும் உள்ளன.

கண்மாயும் களிமண்ணும்

மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. இவற்றைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாடு தெரிய வேண்டும். களிமண்ணின் நுண்துளைமை 40 முதல் 70 சதவீதம் வரை இருக்கும். மணலுக்கு 25 முதல் 50 சதவீதம்தான். ஆனாலும் மணலில் நீர் ஓடிவிடுகிறது, களிமண்ணில் நிற்கிறது. களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை. நீர் அவற்றுக்குள் ஒட்டிக்கொண்டு நகராது. எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ஒன்று, அந்த இடத்தின் வழியே நீர் எவ்வளவு எளிதாகச் செல்லும் என்பது வேறொன்று. பாடநூல்களில் மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடமும் இதுதான். கண்மாய்க் கரைக்குக் களிமண் கொண்டுவந்து மிதித்து இறுக்கியவர்களுக்குச் சதவீதக் கணக்கு தெரியாது. இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்திருந்தது.

கண்மாயின் உட்பகுதியில் கல்தூண்களுடன் நிற்கும் குமிழித் தூம்புகள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. சிலவற்றில் கல்வெட்டுகளும் உண்டு. மேலுள்ள நீரோடித் துளை நீரை வெளியேற்றும். கீழுள்ள சேறோடித் துளைகள் வண்டலையும் உடன் அனுப்பும். வண்டல் தேங்கினால் கண்மாயின் கொள்ளளவு குறைவதோடு, அடிமண்ணின் துளைகளும் அடைபட்டு, சுற்றுக் கிணறுகளுக்குச் செல்லும் ஊற்று மெலியும்.

அளவிடும் முறைகள்

1856இல் ஆன்றி டார்சி, பிரான்சின் திஜோன் நகரக் குடிநீர்த் திட்டம் பற்றிய நூலில், மணல் வழியே நீர் பாயும் வேகத்துக்கான விதியை வெளியிட்டார். 1899இல் அமெரிக்கரான சார்லஸ் சிலிக்டர், சம அளவுள்ள உருண்டைகளை அடுக்கினால் வெற்றிடம் மிகத் தளர்ந்த அடுக்கில் 47.64 சதவீதமும் மிக நெருங்கிய அடுக்கில் 25.95 சதவீதமும் இருக்கும் என்று கணக்கிட்டார். உருண்டை சிறிதா பெரிதா என்பது இதில் பொருட்டல்ல: கேழ்வரகுக் குவியலுக்கும் பீரங்கிக் குண்டுக் குவியலுக்கும் கணக்கு ஒன்றே. அளவு கலந்தால்தான் சிறியவை பெரியவற்றின் இடுக்கை நிரப்பி வெற்றிடத்தைக் குறைக்கும்.

கல்லில் அளக்கும் எளிய முறை ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைப் பின்பற்றுகிறது. உலர்ந்த நிலையில் 1,000 கிராம் உள்ள ஒரு கல், நீரில் நன்கு ஊறியபின் 1,120 கிராம் ஆகிறது எனக் கொள்வோம். நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 640 கிராம் காட்டுகிறது. 1,120க்கும் 640க்கும் உள்ள வேறுபாடான 480 கன சென்டிமீட்டர் கல்லின் முழுக் கன அளவு. உறிஞ்சிய நீர் 120. ஆகவே நுண்துளைமை 25 சதவீதம். உள்ளே காற்று சிக்கியிருந்தால் கணக்கு குறைந்து வரும் என்பதால் வெற்றிடப் பம்பு கொண்டு காற்றை நீக்கிய பின்பே ஊறவைப்பர். நீர் புக முடியாமல் மூடிக்கிடக்கும் துளைகளை இம்முறை காட்டாது.

1920களின் தொடக்கத்தில் எட்வர்ட் வாஷ்பர்ன் இரண்டு வழிகளைக் காட்டினார். ஒன்று, வாயுவைத் துளைகளுக்குள் விரியவிட்டு அழுத்த மாற்றத்தை அளப்பது. மற்றது, பாதரசத்தை அழுத்திப் புகுத்தித் துளைகளின் அகலத்தை அறிவது. வாயு முறை எண்ணெய்த் துறைக்கு மிகவும் பயன்பட்டது. 1923இல் ஆஸ்கர் மைன்சர் நிலத்தடி நீர் பற்றிய நூலில், பாறை வைத்திருக்கும் நீர் வேறு, கிணற்றுக்குத் தரும் நீர் வேறு என்று பிரித்துக் காட்டினார்.

கிழக்கின் மணற்பாறையும் நெடுவாசலும்

ஆலங்குடி, அறந்தாங்கி பகுதிகளின் அடியில் கடலூர் மணற்பாறை எனப்படும் அடுக்கு உள்ளது. மணற்பாறைகளில் நுண்துளைமை 5 முதல் 30 சதவீதம் வரை காணப்படும். மேற்கில் வெடிப்பைத் தேட வேண்டியிருக்க, இங்கு மணற்துகள்களின் இடுக்குகளே நீரைத் தாங்கி நிற்கின்றன. பூ, வாழை, பலா என இவ்வட்டாரம் செழித்ததற்கு ஆழ்துளைக் கிணறுகள் முக்கியக் காரணம்.

காவிரிப் படுகையின் இன்னும் ஆழமான படிவுகளில், அதே வகை இடுக்குகளில் எண்ணெயும் எரிவாயுவும் தங்கியிருக்கக்கூடும். ஓர் எண்ணெய் வயலின் மதிப்பு, பாறையின் கன அளவு, நுண்துளைமை, துளைகளில் நீர் போக எஞ்சிய பங்கு ஆகியவற்றைப் பெருக்கியே கணிக்கப்படுகிறது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 31 சிறு வயல் ஒப்பந்தங்களில் நெடுவாசலும் இருந்தது. செய்தி வெளியானதும் ஊர் மக்கள் போராட்டத்தில் இறங்கினர். மாணவர்களும் பிற ஊராரும் சேர்ந்துகொண்டனர். ஆழத்திலுள்ள எரிபொருளை அடையும் குழாய், நீர் தாங்கும் மணற்பாறையைத் துளைத்தே செல்ல வேண்டும் என்பது அவர்களின் அச்சத்தின் மையமாக இருந்தது. திட்டத்தை ஆதரித்தவர்கள், இரும்புக் குழாயும் சிமென்ட் உறையும் இரண்டு அடுக்குகளையும் பிரித்து வைக்கும் என்றனர். நீர் எளிதாக நகரும் பாறையில் கசிவு நேர்ந்தால் அதுவும் பரவும் என்பதால் உழவர்களின் கேள்வியை வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல வளர்ச்சிச் சட்டம் நிறைவேறியது. புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளையும் எடுப்பையும் தடைசெய்யும் இச்சட்டம் ஏற்கெனவே நடந்துவந்த பணிகளைப் பாதிக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் சேர்க்கப்பட்டன. நெடுவாசல் திருவரங்குளம் ஒன்றியத்தில் உள்ளது. கடினப் பாறை கொண்ட மேற்கு ஒன்றியங்கள் எதுவும் பட்டியலில் இல்லை.