காணாமற் போனவரும் கேள்வி கேட்டவரும்

தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்ட வழக்கத்தை நம் மக்கள் நன்கறிவர். கூப்பிட்ட பெயருக்கு மறுமொழி வராவிடின், அவன் நோயுற்றானா, வேறிடம் சென்றானா, இறந்தானா என்ற கேள்வி அங்கேயே எழும். ஒருநாள் கூலிக் கணக்கிற்கே இத்துணைக் கண்டிப்பு உண்டெனில், நாட்டின் பெயரால் யுத்தத்திற்கு அனுப்பப்பட்ட மனிதன் திரும்பி வராதபோது, அவன் எங்கே என்று கேட்பதற்கு எத்துணை உரிமை இருத்தல் வேண்டும்! ஆயினும் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமாயின், இக்கேள்வியை முதலிற் கேட்டவர் மந்திரிகளுமல்லர், சேனாதிபதிகளுமல்லர். தாயும் மனைவியும் உடன்பிறந்தாருமே கேட்டனர். கேட்டவர்க்கு விடை எளிதிற் கிடைக்கவுமில்லை.

யுத்தம் முடிந்தவுடன் அரசாங்கங்கள் கணக்கு எடுக்கின்றன. இறந்தவர் இத்துணைப் பேர், காயமுற்றவர் இத்துணைப் பேர் என்று எழுதுகின்றன. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்றுண்டு. அவர்கள் இறந்தாரெனச் சொல்லச் சான்றில்லை. உயிரோடிருக்கின்றாரெனச் சொல்லவும் வழியில்லை. காணாமற் போனவர் என்பது அவர்களுக்கு இடப்பட்ட பெயர். அவர்தம் மனைவியர் சுமங்கலியுமல்லர், விதவையுமல்லர். துக்கம் கொண்டாடவும் இயலாது, விட்டுவிடவும் இயலாது. இந்நிலையிலிருந்த குடும்பத்தார் ஒன்றுகூடி ஓர் அரசாங்கத்தையே பதில் சொல்ல வைத்த வரலாற்றை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அஃது அமெரிக்காவில், வியட்நாம் யுத்த காலத்தில் நிகழ்ந்தது.

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் தேதி, அமெரிக்கக் கப்பற்படை விமானியான ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்பாரின் விமானம் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் சிறைப்பட்டார். கலிபோர்னியா மாகாணத்துக் கோரனாடோ என்னும் ஊரில் அவருடைய மனைவி ஸிபில் ஸ்டாக்டேல் அம்மையார் நான்கு ஆண்மக்களோடு தனித்து விடப்பட்டார். அம்மையாருக்கு அரசாங்கத்தார் தந்த புத்திமதி ஒன்றே: வாய் திறவாதிருங்கள். கைதிகளைப் பற்றி வெளியிற் பேசினால் அவர்களுக்கே தீங்கு நேரும். இரகசியமாகப் பேசி நாங்கள் காரியத்தை முடிப்போம் என்பதே அதிகாரிகளின் வாதம்.

மறுபுறத்தில் வட வியட்நாம் அரசாங்கத்தாரோ கைதிகளின் முழு ஜாபிதாவை வெளியிடவில்லை. 1949-ஆம் ஆண்டின் ஜினீவா உடன்படிக்கை, பிடிபட்டவரின் பெயரை அறிவிக்க வேண்டுமென்றும், கடிதப் போக்குவரத்திற்கு இடந்தர வேண்டுமென்றும், துன்புறுத்தலாகாதென்றும் விதித்தது. யுத்தப் பிரகடனம் செய்யாமலே எம்முடைய ஊர்களின்மீது குண்டு பொழிந்தவர் போர்க்கைதிகளல்லர், குற்றவாளிகளே என்பது ஹனோய் அரசாங்கத்தாரின் மறுமொழி. குண்டு விழுந்த ஊர்களின் துயரம் மெய்யானதே. அதனை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் கைகட்டப்பட்டவனைச் சித்திரவதை செய்வதற்கு அத்துயரம் நியாயமாகாது. கணவர் அவ்வாறு துன்புறுத்தப்படுகின்றார் என்பதனை இரகசியக் குறிப்புகள் அடங்கிய கடிதங்களின் வாயிலாக அம்மையார் அறிந்திருந்தார். அறிந்தும் பேசலாகாதென்பது உத்தரவு.

அம்மையார் முதலிற் செய்த காரியம் மிகச் சிறிது. தம் ஊரைச் சுற்றியிருந்த கைதிகளின் மனைவியரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, ஒருவரோடொருவர் பேசச் செய்தார். அதுவரை ஒவ்வொருத்தியும் தன் துயரம் தனக்கு மட்டுமே உரியதென எண்ணியிருந்தாள். கூடிப் பேசியபோதுதான், அனைவர்க்கும் ஒரே வகையான கடிதம் வந்திருப்பதும், அனைவர்க்கும் ஒரே புத்திமதி சொல்லப்பட்டிருப்பதும் தெரியவந்தன. தனித்திருப்போர் வாயடைத்திருப்பர், கூடினோர் கேட்கத் தலைப்படுவர். சங்கம் என்பதன் பயன் இதுவே.

1968-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அம்மையார் பொறுமையை உதறித் தம் வரலாற்றைப் பத்திரிகையில் வெளியிடச் செய்தார். அதிகாரிகள் அஞ்சியவாறு வானம் இடிந்து விழவில்லை. மறுவருஷம் மே மாதத்தில் யுத்த மந்திரி மெல்வின் லேர்ட் அவர்களே கைதிகளின் நிலையைப் பகிரங்கமாகக் கண்டித்துப் பேச வேண்டியதாயிற்று. அவ்வருஷம் அக்டோபரில் அம்மையாரும் வேறு சில குடும்பத்தாரும் பாரிஸ் நகரம் சென்று, சமாதானப் பேச்சிற்கு வந்திருந்த வட வியட்நாம் பிரதிநிதிகளை நேரிற் கண்டு, எம்மவர் உயிரோடுள்ளனரா என்று கேட்டனர். 1970-ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டனில் குடும்பத்தாரின் தேசியச் சங்கம் அமைந்தது. 1969-இன் இறுதியிலிருந்து கைதிகளின் நிலை சற்றுத் திருந்தியது, கடிதங்களும் மிகுந்தன. இதற்குக் காரணங்கள் பலவென்பர். உலகத்தார் கண் சிறைவாயிலின்மேல் விழுந்தமை அவற்றுள் ஒன்றென்பதில் ஐயமில்லை.

சங்கத்தார்க்கு மாணாக்கர்களும் துணைநின்றனர். 1970 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மாணவியர் இருவரின் முயற்சியால் உலோகக் காப்பு ஒன்று விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு கைதியின் பெயரும், பதவியும், காணாமற் போன தேதியும் பொறிக்கப்பட்டிருந்தன. மாணாக்கர்க்கு விலை இரண்டரை டாலர். அம்மனிதன் திரும்பும் வரையில், அல்லது அவன் கதி தெரியும் வரையில், கழற்றுவதில்லை என்று அணிந்தவர் உறுதிகொண்டனர். ஏறத்தாழ 50 லட்சம் காப்புகள் விநியோகமாயின. முகமறியாத ஒருவனுடைய பெயரை ஒரு கடைச் சிப்பந்தியும், ஒரு பள்ளிச் சிறுமியும் கையிற் சுமந்து திரிந்தனர். அதனால் அக்குடும்பத்தின் கேள்வி நாட்டின் கேள்வியாயிற்று.

நிற்க. இக்கிளர்ச்சியில் மாசே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. குடும்பத்தாரின் துயரத்தை யுத்தத்தை நீட்டிப்பதற்கு ஒரு சாக்காக அரசாங்கம் பயன்படுத்திற்று என்ற குறை அந்நாளிலேயே எழுந்தது. 1971-ஆம் ஆண்டில் குடும்பத்தாருள் ஒரு சாரார், யுத்தத்தை நிறுத்துவதே கைதிகளை மீட்கும் நேர்வழியென்று கூறித் தனியே பிரிந்தனர். துயருற்றோரைத் தாங்குவோர் பலருள், அத்துயரத்தைத் தம் ஆதாயத்திற்குக் கொடியாகப் பிடிப்போரும் இருப்பர். அவர்களைப் பிரித்தறிய வேண்டியது பொதுஜனங்களின் கடமை.

1973 ஜனவரி 27-ஆம் தேதி பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் 591 கைதிகள் தாயகம் மீண்டனர். ஸ்டாக்டேல் ஏழு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைவாசத்திற்குப் பின் வீடு வந்து சேர்ந்தார். அந்நாளில் மகிழ்ந்த குடும்பங்களைவிட விம்மியழுத குடும்பங்கள் பல மடங்கு அதிகம். 2,600-க்கு மேற்பட்டோரின் கதி தெரியவில்லை. அவருட் பலர் களத்திலேயே இறந்தது உறுதி, சடலந்தான் கிட்டவில்லை. மற்றையோரைப் பற்றி அதுவும் உறுதியில்லை. அரசாங்கம் ஒருவர்பின் ஒருவராக இறந்தாரென்று தீர்ப்பெழுதத் தொடங்கியபோது, குடும்பத்தார் நீதிமன்றம் ஏறினர். உறவினர்க்கு முன்னறிவிப்புத் தந்து, அவர்தம் வாதத்தைக் கேளாமல், ஒருவனை இறந்தவனென முடிவு செய்யலாகாதென்று 1974-இல் நியூயார்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறப்பைச் சொல்லும் அதிகாரம் சர்க்காருக்கு இருக்கலாம். ஆதாரத்தைக் கேட்கும் உரிமை குடும்பத்திற்கு உண்டு என்பது இதன் கருத்து.

அவ்வுரிமை எத்துணை அவசியமென்பதற்கு ஒரு வரலாறு போதும். மைக்கேல் பிளாஸி என்னும் 24 வயது விமானி 1972 மே 11-ஆம் தேதி தென் வியட்நாமில் ஆன்லாக் நகரினருகே வீழ்ந்து மடிந்தார். சில மாதங்களுக்குப் பின் அவ்விடத்திலிருந்து ஆறு எலும்புகளும், விமானியின் உடுப்பு முதலிய சில பொருள்களும், அவருடைய அடையாளச் சீட்டும் கிடைத்தன. பின்னர் அச்சீட்டு காணாமற் போயிற்று. எலும்புகளின்மீது பிளாஸியினுடையதாக நம்பப்படுவது என்றொரு குறிப்பிருந்தது. 1980-இல் அக்குறிப்பும் நீக்கப்பட்டு, ஓர் எண் இடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜனாதிபதி ரீகன் முன்னிலையில், அவ்வெலும்புகள் பெயரறியா வீரன் என்ற பட்டத்தோடு ஆர்லிங்டன் கல்லறையில் சகல மரியாதைகளுடன் அடக்கம் செய்யப்பட்டன. செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த தாயாருக்கு இவற்றுள் ஒன்றும் தெரிவிக்கப்படவில்லை.

தொண்ணூறுகளில் விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்தது. கல்லறையைத் திறந்து சோதியுங்கள் என்று குடும்பத்தார் கேட்டனர். புனிதமான கல்லறையைத் தோண்டுவதா என்று சிலர் வெகுண்டனர். குடும்பத்தார் பின்வாங்கவில்லை. 1998 மே 14-ஆம் தேதி கல்லறை திறக்கப்பட்டது. தாயின் மரபணுவோடு ஒத்துப் பார்த்ததில் அவ்வெலும்புகள் மைக்கேல் பிளாஸியினுடையவையே என்பது ஜூன் மாத இறுதியில் நிரூபணமாயிற்று. ஜூலையில் அவர் சொந்த ஊரில், சொந்தப் பெயரோடு அடக்கமானார். ஆர்லிங்டனில் அந்த அறை வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. பெயரற்றவனுக்குச் செய்யும் பெருஞ்சிறப்பைவிட, பெயருள்ளவனுக்கு அவன் பெயரைத் திருப்பித் தருவதே பெரிது என்பதனை அவ்வெற்றறை சொல்லாமற் சொல்கின்றது.

கேள்வி கேட்பதற்கு உரிமை உண்டு. விடையை ஏற்பதற்கு நெஞ்சுரமும் வேண்டும். கைதிகள் இன்னும் காட்டில் அடைபட்டிருக்கின்றனர் என்று சொல்லி, ஏங்கிய குடும்பங்களிடம் பணம் பறித்தோர் பலர். 1991-இல் உயிரோடிருக்கும் மூவரின் படம் என்று ஒன்று நாடெங்கும் பரவிற்று. ஆராய்ந்ததில் அது பொய்யென்று வெளிப்பட்டது. அவ்வாண்டு அமெரிக்க மேற்சபையில் அமைந்த விசாரணைக் குழு, இராணுவ ஆவணங்களைத் திறப்பித்து, சாட்சிகளை விசாரித்து, 1993 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. எவரேனும் இன்னும் சிறையில் உயிரோடிருப்பதாக உறுதியாக நிரூபிக்கத்தக்க சான்றில்லை என்பது அதன் முடிபு. சிலர் இதனை ஏற்கவில்லை. நம்பிக்கை வேறு, சான்று வேறு. பொய்யான ஆறுதலைக் கொடுப்பவன், மெய்யை மறைப்பவனுக்கு எவ்விதத்திலும் குறைந்தவனல்லன். அதன்பின் பகைநாடுகள் இரண்டும் சேர்ந்து வயலிலும் மலையிலும் தோண்டித் தேடின. 1973-க்குப் பின்னர் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் அடையாளங் காணப்பட்டனர். 1,500-க்கு மேற்பட்டோர் இன்னும் மீதியுள்ளனர்.

வியட்நாமியரிலும் லட்சக்கணக்கானோர் காணாமற் போயினர் என்பதனை ஈண்டுக் குறித்தல் வேண்டும். அவர்தம் தாய்மார்க்குக் காப்புமில்லை, கொடியுமில்லை. அமெரிக்கப் பழைய போர்வீரர் சங்கத்தார் 1994 முதல் தம்மிடமிருந்த படங்களையும் வரைபடங்களையும் சேகரித்து, எதிரிகளைப் புதைத்த இடங்களை வியட்நாமியருக்குத் தெரிவித்தனர். ஒருவர்க்கொருவர் துப்பாக்கி நீட்டினோர் ஒருவர்க்கொருவர் கல்லறை காட்டினர் என்றால், மனிதத்தன்மை முற்றும் அழிந்துவிடவில்லை என்று நாம் தேறலாம்.

தூரதேசத்துக் கதையை ஏன் இத்துணை விரித்தோம் என்று வாசகர் கேட்கக்கூடும். நம் சொந்தக் கணக்கு ஒன்று தீராதிருப்பதே காரணம். 1942-லும் 1943-லும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் நீளம் ரயில் பாதை போட்டனர். அதில் வேலை வாங்கப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர்; மாண்டவர் 12,000-க்கு மேற்பட்டோர். அவர்கள் சிறையிலிருந்துகொண்டே, உயிருக்கு அஞ்சாமல், இறந்த தோழரின் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாக எழுதிவைத்தனர். யுத்தம் முடிந்தவுடன் 1945-இல் அக்குறிப்புகளைக் கொண்டே கல்லறைகள் தேடிக் காணப்பட்டன. இன்று காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்திற்குக் குறையார் என்பர். அவருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர். மாண்டவர் தொகையை ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் சொல்கின்றனர். ஏனெனில், வாந்திபேதியில் விழுந்த தமிழனின் பெயரை எழுதிவைக்க அங்கே எவருமில்லை. அவர்கள் போர்க்கைதிகளல்லர், கூலிகள். ஆதலின் அவர்களுக்கு உடன்படிக்கையுமில்லை, ஜாபிதாவுமில்லை, வரிசைக் கல்லறையுமில்லை. ஒருநாள் வேலைக்கு வராவிடின் கூலியை வெட்டத் தவறாத செக்குரோல், ஒருவன் என்றுமே வராமற் போனபோது வாய்பேசவில்லை.

மிகப் பிந்தியேனும் மலேசியாவில் மக்களும் பேரர்களும் குழு சேர்ந்து, சயாமிலிருந்து மீண்ட முதியோரின் வாய்மொழிகளைத் திரட்டியுள்ளனர். அது போற்றற்குரியது, போதாது. ஸிபில் ஸ்டாக்டேல் அம்மையாரிடம் தொடக்கத்திற் படையுமில்லை, பணமுமில்லை. சில மனைவியரும் ஒரு பெயர்ப் பட்டியலுமே இருந்தன. நம்மிடம் அப்பட்டியல்கூட இல்லை. அதனை எழுத வேண்டியவர் நாமே. தாத்தாவின் தம்பி சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்று வீட்டில் சொல்லக் கேட்டோர், அவர் பெயரென்ன, தகப்பன் பெயரென்ன, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, உடன் சென்றவர் யார் என்பவற்றை இன்றே ஒரு தாளில் எழுதுக. அறியாததை அறிந்ததாக எழுதற்க. அயலாரிடமும் கேட்டு எழுதுக. சங்கங்கள் அத்தாள்களைச் சேர்த்துவைக்கட்டும். எலும்பு கிடைக்காமற் போகலாம், பெயராவது கிடைக்கும். நாம் கூப்பிட மறந்தால் அப்பெயர்களைக் கூப்பிட வேறு எவர் வருவர்?