அப்பலாச்சியன் டிரெயில்: ஒரு நாள் நடைக்குப் பின்னால் நூறு வருஷம்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. தெற்கே ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து, 14 மாநிலங்களைத் தாண்டி, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் போய் முடியும். நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். மனசுல ஒரு அளவு வேணும்னா, கன்னியாகுமரியில கிளம்பி ஏறத்தாழ ஜம்மு வரைக்கும் ரோட்டுல போற தூரம். ஆனா இங்க ரோடு கிடையாது. மலை ஏறணும், இறங்கணும், மறுபடி ஏறணும். பேர் அப்பலாச்சியன் டிரெயில்.

இதை ஒரே பயணத்தில் நடந்து முடிக்க வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் கிளம்புகிறார்கள். அஞ்சிலிருந்து ஏழு மாசம் ஆகும். நாலு பேர் கிளம்பினா ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் போய்ச் சேர்றார்.

இந்தப் பாதையைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் கரடி, சூரிய உதயம், தனிமை, தன்னைத் தானே தேடுறதுன்னு எழுதுவாங்க. நமக்குப் பொட்டி தட்டுற பொழப்பு. எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும் "இதை யாருப்பா மெயின்டெயின் பண்றாங்க?"ன்னுதான் முதல்ல தோணும் :) அந்தக் கேள்வியோட, இந்தப் பாதையில நடக்கிற ஒருத்தரோட சாதாரண நாள் ஒண்ணை எடுத்துப் பார்ப்போம்.

காலை: தூங்கி எழுந்த இடம்

காலைல ஆறு மணி. கண் முழிச்சதும் தெரியறது ஒரு மரக்கூரை. மூணு பக்கம் சுவர், ஒரு பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். தரையில பலகை. அதுல ஆறேழு பேர் வரிசையா, ஸ்லீப்பிங் பேகுக்குள்ள, கருவாடு மாதிரி கிடப்பாங்க. ராத்திரி முழுக்க எலி ஓட்டம். சாப்பாட்டுப் பையைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டு, கயித்துல எலி இறங்காம இருக்க நடுவுல ஒரு காலி டின்னைக் கோத்து வெச்சிருப்பாங்க. இந்த மாதிரி 250க்கும் மேற்பட்ட கொட்டகைகள் பாதை நெடுக இருக்கின்றன. ஷெல்டர் என்பார்கள். ஒருசில இடங்கள் தவிர, படுக்க டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. காசும் கிடையாது.

இந்த யோசனை வந்தது 1921ல். பென்டன் மெக்காய் என்று ஒரு வன அதிகாரி. அந்த வருஷம் ஏப்ரலில் அவருடைய மனைவி ஜெஸ்ஸி தற்கொலை செய்துகொண்டார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர் அவர். இடிந்து போயிருந்த மெக்காய்க்கு நண்பர்கள்தான் தங்க இடம் கொடுத்து, எழுதச் சொல்லித் தூண்டினார்கள். அக்டோபர் மாதம் ஒரு கட்டடக் கலைஞர்கள் சங்க இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. அப்பலாச்சிய மலைத்தொடரின் முகட்டிலேயே ஒரு நீண்ட பாதை. ஒரு நாள் நடை தூரத்துக்கு ஒரு தங்குமிடம். பக்கத்திலேயே சின்னச் சின்னக் குடியிருப்புகள், பண்ணைகள். ஆலையிலும் ஆபீஸிலும் வெந்து போகிற ஜனங்கள் வந்து மூச்சு விட்டுப் போகட்டும் என்பது அவர் கணக்கு.

கவனிங்க, கோடி முதல் கோடி வரை ஒரு ஆள் நடக்கணும்கிறது அவர் திட்டமே இல்லை. லீவு போட்டுட்டு வர்றவனுக்கான பாதை அது. பண்ணைகளும் குடியிருப்புகளும் காகிதத்தோட போச்சு. பாதையும் கொட்டகையும் மட்டும் நிஜமாச்சு. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது, வேலையில்லாத இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய படை ஒன்று இதில் பல கொட்டகைகளைக் கட்டியது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும்.

பகல்: மரத்துல ஒரு வெள்ளைப் பட்டை

கஞ்சி மாதிரி ஓட்ஸைக் குடிச்சுட்டு, ஓடைத் தண்ணியை வடிகட்டி நிரப்பிட்டு நடக்க ஆரம்பிச்சா, நாள் முழுக்க கண்ணு தேடுறது ஒண்ணே ஒண்ணுதான். மரத்துல ரெண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெயிண்ட் பட்டை. அது தெரிஞ்சா வழி சரி. ரெண்டு பட்டை ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருந்தா, கவனம், வழி திரும்புது. நீலப் பட்டைன்னா கிளைப் பாதை. தண்ணிக்கோ ஷெல்டருக்கோ போகும். மொத்தப் பாதையிலும் சுமார் 1,65,000 வெள்ளைப் பட்டைகள் இருப்பதாகக் கணக்கு. பெயிண்ட் மங்கும், மரம் விழும். யாராவது திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவர் மைரன் ஏவரி. மெய்ன் மாநிலத்துக்காரர், வாஷிங்டனில் அரசாங்க வக்கீல். மெக்காய் கனவு கண்டவர் என்றால், ஏவரி டெட்லைன் வைத்து வேலை வாங்குகிற ப்ராஜெக்ட் மேனேஜர். சைக்கிள் சக்கரத்தில் தூரம் காட்டும் கருவியைப் பொருத்தி, அதைத் தள்ளிக்கொண்டே மலை மலையாக நடந்தார். எந்தத் திருப்பம் எத்தனையாவது மைல் என்று குறித்தார். ஊர் ஊராக நடைபயணச் சங்கங்களைச் சேர்த்து, இவ்வளவு தூரம் உங்க பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். பகுதி பகுதியாக மொத்தப் பாதையையும் முதலில் நடந்து முடித்தவரும் அவர்தான் (1936). 1937 ஆகஸ்ட் 14ம் தேதி, மெய்ன் மலைகளில் கடைசித் துண்டு இணைந்தது.

மெக்காயும் ஏவரியும் 1930களின் நடுவில் பிரிந்தார்கள். வர்ஜீனியாவில் மலை முகட்டிலேயே ஒரு கார் ரோடு போட அரசாங்கம் முடிவு செய்தது. காடு போனால் பாதை எதற்கு என்றார் மெக்காய். பாதை அறுபடக் கூடாது, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வோம் என்றார் ஏவரி. அதோடு பேச்சு முறிந்தது. ரெண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. ஆனா இன்னிக்கு நடக்கிறவரோட கண்ணுக்கு முன்னால நிக்கறது ஏவரியோட பெயிண்ட்தான்.

பட்டை அடிக்க முடியாத இடமும் ஒண்ணு இருக்கு. மெய்னில் கென்னபெக் ஆறு. மேலே அணை இருப்பதால் தண்ணீர் திடீரென்று ஏறும். 1985ல் அதைக் கடக்க முயன்ற ஒரு பெண்மணி மூழ்கி இறந்தார். அதற்குப் பிறகு, சீசனில் நடப்பவர்களை ஏற்றிப் போக ஒரு சின்னப் படகு ஏற்பாடு செய்தார்கள். இலவசம். படகின் அடிப்பலகையில் அதே வெள்ளைப் பட்டையை அடித்து வைத்திருக்கிறார்கள். படகும் பாதைதான்!

மத்தியானம்: முதுகுல ஒரு மளிகைக் கடை

ஒரு நாளைக்கு 15லிருந்து 30 கிலோமீட்டர் மலை ஏறினா பசி எப்படி இருக்கும்? ரெண்டு மூணு வாரத்துல வயித்துக்குள்ள ஒரு பூதம் குடியேறிடும்ங்கறாங்க. நூடுல்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், சாக்லேட், என்ன தின்னாலும் பத்தாது. நாலஞ்சு நாளைக்கு ஒருமுறை பக்கத்து ஊருக்கு இறங்கி சாமான் வாங்கணும். இல்லாட்டி முன்கூட்டியே சின்ன ஊர் தபாலாபீசுக்குத் தன் பேருக்கே பார்சல் அனுப்பி வெச்சுக்கணும். பென்சில்வேனியாவில் பாதி வழியைத் தொடும் இடத்தில் ஒரு கடை இருக்கிறது. அங்கே அரை காலன், அதாவது சுமார் ரெண்டு லிட்டர் ஐஸ்கிரீமை ஒரே ஆளா தின்னு முடிக்கிறது ஒரு சடங்கு.

இந்த முழுநீள நடை என்கிற பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் ஏர்ல் ஷாஃபர். பென்சில்வேனியாக்காரர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் வேலை பார்த்தவர். கூடவே மலையேறி வளர்ந்த நண்பன் இவோஜிமாவில் செத்துப்போனான். திரும்பி வந்த ஷாஃபருக்கு ஊரில் கால் தரிக்கவில்லை. 1948 ஏப்ரல் 4ம் தேதி ஜார்ஜியாவில் கிளம்பினார். வழிகாட்டிப் புத்தகம்கூடக் கையில் இல்லை, ரோடு மேப்தான். சோளமாவும் ஓட்ஸும் சாப்பாடு. போர்க்காலத்தில் பராமரிக்க ஆள் இல்லாமல் பாதை பல இடங்களில் புதர் மண்டிக் கிடந்தது. 124 நாளில், ஆகஸ்ட் 5ம் தேதி, கட்டாடின் உச்சியில் நின்றார். பாதைச் சங்கத்தார் முதலில் நம்பவில்லை. குறுக்கு விசாரணை நடத்தி, அவருடைய குறிப்பேட்டையும் எடுத்த படங்களையும் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். 1998ல், 80 வயசு ஆக சில வாரங்கள் இருக்கும்போது, மனுஷன் மறுபடி முழுசும் நடந்தார்.

அடுத்து எம்மா கேட்வுட். ஒஹாயோவில் ஒரு விவசாயக் குடும்பப் பெண்மணி. 11 பிள்ளைகள். கணவரிடம் பல வருஷம் அடி உதை. 1941ல் விவாகரத்து. ஒரு பழைய நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் இந்தப் பாதையைப் பற்றிப் படித்தவர், 1954ல் மெய்ன் பக்கமிருந்து கிளம்பினார். வழி தவறி, கண்ணாடி உடைந்து, வனக்காவலர்கள் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் மே மாதம், பிள்ளைகளிடம் சும்மா நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜார்ஜியா போனார். வயசு 67. காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணிப்பை. கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று! டப்பா சாசேஜ், திராட்சை, கொட்டைகள், வழியில் கிடைத்த பழங்கள் என்று சாப்பாடு. ராத்திரி சருகைக் குவித்துப் படுத்தார். சில வீடுகளில் திண்ணை கிடைத்தது, சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். ஆகஸ்டில் ரெண்டு புயல் அடுத்தடுத்து வந்தபோது, கரைபுரண்ட ஓடை ஒன்றை ரெண்டு இளம் கடற்படை வீரர்கள் துணையோடு தாண்டினார். செப்டம்பர் 25ம் தேதி கட்டாடின் உச்சியில் நின்றார். இந்தப் பாதையைத் தனியாக ஒரே சீசனில் நடந்து முடித்த முதல் பெண் அவர்.

அவரைப் பேட்டி எடுக்க வந்தவங்ககிட்ட பாட்டி சும்மா சிரிச்சுட்டுப் போகலை. பத்திரிகையில படிச்ச மாதிரி பாதை இல்லவே இல்லை, ஷெல்டர் எல்லாம் இடிஞ்சு கிடக்கு, புதர் வெட்டலைன்னு பட்டுனு சொன்னாங்க. அது பத்திரிகைகளில் வந்தது. ஜனங்கள் கவனம் பாதை மேல் திரும்பியது. நம்ம பாஷையில சொன்னா, ப்ரொடக்‌ஷன்ல ஓட்டிப் பார்த்து வந்த முதல் காட்டமான பக் ரிப்போர்ட் அதுதான்னு தோணுது.

ஏன் நடந்தாங்கன்னு நாம காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தருக்குப் போர். இன்னொருத்தருக்கு வீடே போர்க்களம். ரெண்டு பேருக்கும் அந்தப் பாதையில கிடைச்சது தினமும் ஒரே மாதிரியான, எளிமையான வேலை. எழுந்திரு, பட்டையைத் தேடு, சாப்பிடு, தூங்கு.

சாயங்காலம்: நோட்டுப் புத்தகம்

ஷெல்டருக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் முதல்ல எடுக்கறது அங்க ஒரு பையில இருக்கற நோட்டுப் புத்தகம். வந்தவங்க பேர், தேதி, எந்த ஊத்து வத்திப்போச்சு, எங்க கரடி நடமாட்டம்னு எழுதி வைப்பாங்க. சொந்தப் பேர் அபூர்வம். பாதையில கிடைச்ச பட்டப்பேர்தான். ஒரு வாரம் முன்னால போறவரை நேர்ல பார்க்காமலே, அவர் கையெழுத்து வழியா நண்பராக்கிக்கிட்டவங்க உண்டு. யாராவது காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவதும் இதைத்தான்.

ரோடு குறுக்கிடும் இடங்களில் முன்பின் தெரியாத ஆட்கள் கூல்டிரிங்க்ஸும் பழமும் வைத்துக்கொண்டு காத்திருப்பது உண்டு. டிரெயில் மேஜிக் என்று பேர். நமக்கு தண்ணீர்ப் பந்தல்னா சட்டுனு புரியும். இருட்டினதும் எல்லாரும் தூங்கிடுவாங்க. அங்க ராத்திரி ஒன்பது மணிதான் நடுநிசி.

காலுக்குக் கீழே: நிலம்

பல காலம் இந்தப் பாதையின் பெரும்பகுதி தனியார் நிலத்தில், உரிமையாளர்களின் வாய்வார்த்தையில்தான் ஓடியது. ஒருவர் வேண்டாம் என்றால் பாதை ரோட்டுக்கு இறங்கிவிடும். தெற்கு முனையே ஓகில்தார்ப் மலையிலிருந்து 1958ல் ஸ்பிரிங்கருக்கு மாறியது. காரணம், சுத்தி வந்த கோழிப்பண்ணைகளும் கட்டடங்களும். 1968ல் தேசியப் பாதைகள் சட்டம் வந்தது. 1978ல் நிலம் வாங்கப் பணம் ஒதுக்க வழி செய்தார்கள். இன்றைக்கு 99 சதவீதத்துக்கும் மேல் பாதுகாக்கப்பட்ட நிலம்.

இதுக்கும் ஒரு விலை இருந்தது. பாதை போகும் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்காக, 1930களில் நூற்றுக்கணக்கான மலைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதற்கும் நூறு வருஷம் முன்னால், தெற்கு மலைகளிலிருந்து செரோக்கி மக்கள் துரத்தப்பட்டார்கள். பாதையின் மிக உயரமான இடத்துக்கு ஒரு அரசியல்வாதியின் பேர்தான் வெகுகாலம் இருந்தது. 2024 செப்டம்பரில்தான் குவோஹி என்ற செரோக்கிப் பெயர் அதற்கு அதிகாரபூர்வமாகத் திரும்பக் கிடைத்தது. யாருமில்லாத காடுன்னு நாம நினைக்கறது ஒருத்தரோட வீடா இருந்திருக்கு.

அதே 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியைப் புரட்டிப் போட்டது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மரங்கள் விழுந்து பாதை மூடிவிட்டது. தங்கள் வீடே சேதமான ஊர்க்காரர்கள்கூட ரம்பத்தோடு மலை ஏறினார்கள். இயந்திர ரம்பத்துக்கு அனுமதி இல்லாத காடுகளில், ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடித்து இழுக்கும் பழைய கைரம்பம்தான். இந்தப் பாதையை இன்றைக்கும் சுமார் 30 சங்கங்களின் தன்னார்வலர்கள் பகுதி பிரித்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஏவரி போட்ட அதே ஏற்பாடு. பெரும்பாலும் சனி ஞாயிறில் வருகிறவர்கள். ஓய்வு பெற்றவர்களும் நிறைய.

முழுசா நடந்து முடிச்சவங்க பேரைப் பதிவு செய்ய ஒரு பட்டியல் இருக்கு. 20,000க்கும் மேற்பட்ட பதிவுகள். ஷாஃபரும் கேட்வுட் பாட்டியும் அதில் உண்டு. 'தனியா நடந்தேன்'னு சொல்ற எல்லாரும் தினமும் யாரோ அடிச்ச பட்டையைப் பார்த்து, யாரோ வெட்டின புதரைத் தாண்டி, யாரோ வேய்ஞ்ச கூரைக்குக் கீழதான் தூங்கியிருக்காங்க. அந்த 1,65,000 பட்டைகள்ல ஒண்ணுல கூட அடிச்சவர் பேர் இல்லை.